அத்தானின் நூற்று இருபத்தெட்டு

மெதுவாக ஓடுவது நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களால் முடியாத காரியம் என்ற முடிவுக்கு நான் வந்தது பினாங்கின் தண்ணீர்மலைப் பூங்காவில். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அக்காவின் கணவரான அத்தானின் கூட்டாளிகள் அங்கே கூடுவார்கள். கப்பல் கம்பெனி கிளார்க்குகள், இரண்டு ஆசிரியர்கள், சுங்கத்துறையில் ஒருவர், பேங்க்கில் பெரிய பதவியில் இருந்த ஒருவர். எல்லோருக்கும் வெள்ளைக் காலணி, எல்லோருக்கும் தொப்பை. பூங்கா வாசலில் இடுப்பைச் சுழற்றுவார்கள், காலை உதறுவார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் தட்டுவார்கள். பிறகு போலீஸ் துரத்துவதுபோல் ஓடுவார்கள். முதல் வளைவு தாண்டியதும் பாதிப் பேர் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். மூச்சு திரும்பியதும் மறுபடி ஓட்டம், மறுபடி நிற்பது. இதற்கு டிரெயினிங் என்று பெயர். முடிந்ததும் ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்து, ஓடிய நேரத்தைவிட நீண்ட நேரம் ஓடியதைப் பற்றிப் பேசுவார்கள்.

நான் அவர்களுக்குப் பின்னால் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பேன்.

"என்ன கொழுந்தியா, ஓடுறியா, இல்ல கோயில சுத்தி வர்றியா?" என்பார் அத்தான், என்னைத் தாண்டும்போது.

"குரங்குகூட முந்திக்கிட்டுப் போகுது லா, பாருங்க" என்பார் சுங்கத்துறைக்காரர்.

"விடுங்க லா. பொம்பளப் பிள்ள. மெதுவாத்தான் ஓடும்" என்று பேங்க்காரர் என் சார்பில் பேசுவார். அவருடைய பரிவு மற்றவர்களின் கேலியைவிட மோசமாக இருந்தது.

சற்று நேரத்தில் அவர்கள் மூவரும் மூங்கில் புதர் அருகே இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். நான் அவர்களைக் கடந்து போவேன். ஒவ்வொரு வாரமும் இது நடந்தது. ஆனால் நின்றுகொண்டிருப்பவரைக் கடப்பதை அவர்கள் தோல்வியாகக் கணக்கில் எடுப்பதில்லை. நிற்பது ஓட்டத்தின் ஒரு பகுதி என்று அவர்களுக்குள் ஏதோ ஒப்பந்தம் இருந்தது போலும்.

நான் செய்துகொண்டிருந்தது வேறு. வேகத்தைப் பார்க்காமல் இதயத் துடிப்பைப் பார்த்து ஓடுவது. நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று ஒரு மேல் எல்லை வைத்துக்கொண்டு, வாரத்தில் பெரும்பாலான நாள்கள் அதற்குக் கீழேயே ஓட வேண்டும். மேடு வந்தால் துடிப்பு ஏறும்; உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைத்தும் இறங்கவில்லை என்றால் நடக்க வேண்டும். பக்கத்தில் வருபவர் ஏதாவது கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும். சில மாதங்கள் பொறுமையாக இப்படி ஓடினால், துடிப்பு அதே இடத்தில் இருக்கும், கால் மட்டும் வேகம் பிடித்திருக்கும். இதில் வீரம் எதுவும் இல்லை. அவர்களுக்குப் பிடிக்காததற்கு அதுதான் காரணம்.

துடிப்பைப் பார்க்க என்னிடம் ஒரு கருவி இருந்தது. நான் வேலை செய்த பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையிலிருந்து ஊர் திரும்பிய வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவரிடம் வாங்கியது. இரண்டு பாகம் கொண்டது. ஒன்று மார்புக்குக் கீழே கட்டும் பெல்ட். அதன் உட்புறத்தில் இருக்கும் இரண்டு ரப்பர் பட்டைகளை நனைத்து, தோலில் படும்படி கட்ட வேண்டும். அது துடிப்பைப் பிடித்து, கம்பி இல்லாமல் கைக்கடிகாரத்துக்கு அனுப்பும். கடிகாரம் எண்ணைக் காட்டும். நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் கத்தும். அதோடு வந்த விளக்கப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். என் வேலை அப்படி. டிப்ளோமா முடித்ததிலிருந்து டெஸ்ட் பிரிவில் இருந்தேன். ஒரு கருவி என்ன அளக்கிறது, எதை அளக்காது, எப்போது பொய் சொல்லும் என்று தெரியாமல் அதைக் கையால் தொடுவது எனக்குப் பிடிக்காது.

அப்போது நான் ஜெலுத்தோங்கில் அக்காவின் ஃபிளாட்டில் தங்கியிருந்தேன். அப்பா அம்மா புக்கிட் மெர்தாஜாமில். தினமும் போய்வருவது தூரம், ஷிப்ட் வேலைக்கு ஒத்துவராது. அக்கா வீட்டிலிருந்து தொழிற்சாலை பஸ் பிடிப்பது சுலபம்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. சோபா கடையிலிருந்து வந்தபோது போட்டிருந்த உறை அப்படியே இருந்தது. உட்கார்ந்தால் தொடையில் ஒட்டும், எழுந்தால் கிழிவதுபோல் சத்தம் வரும். டிவி ரிமோட் ஒரு பைக்குள். சாப்பாட்டு மேசையின் துணி விரிப்புக்கு மேலே கண்ணாடிபோல் ஒரு தாள். சுவர்க்கடிகாரத்தின் முகத்தில் ஒட்டியிருந்த மெல்லிய படலத்தைக்கூட யாரும் உரிக்கவில்லை. அது ஓரத்தில் சுருண்டு, ஒன்பது மணியை மறைத்துக்கொண்டிருந்தது. அத்தானின் காடி, அதாவது கார், வாங்கி நான்கு வருடம் ஆகியும் சீட்டில் பிளாஸ்டிக். மழை நாளில் அதற்குள் ஏறினால் மீன் பொட்டலம்போல் இருக்கும். விற்கும்போது புதுசு மாதிரி இருக்க வேண்டும் என்பார் அத்தான். சோபாவை யாரிடம் விற்கப்போகிறார் என்று நான் கேட்டதில்லை. இருவரும் இதில் ஒரே மனம். அக்காதான் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களுக்குப் போடும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளைச் சுருள் சுருளாக வாங்கி வைத்து, வெட்டி, மடித்து, டேப் ஒட்டி உறை செய்வாள். அந்தக் கைவேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அத்தானுக்கு நெஞ்சில் வலி வந்தது ஒரு சாதாரண நாளில். லிஃப்ட் கெட்டுப்போயிருந்தது. அரிசிப் பையோடு மூன்றாம் மாடிக்கு ஏறியவர், வாசலுக்கு ஒரு திருப்பம் இருக்கும்போது படியில் உட்கார்ந்துவிட்டார். வேர்வை வழிந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா அலறிய அலறலில் எதிர் வீட்டுச் சீனக் கிழவி சாமி கும்பிடுவதை விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆயர் ஈத்தாமில் ஒரு டாக்டரிடம் போனார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, மாத்திரைகள், பரிசோதனைகள். ஓடலாமா என்று அத்தான் கேட்டார். மெதுவாக ஓடலாம், துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டக்கூடாது, மூன்று மாதம் அப்படி இருந்துவிட்டு வாருங்கள், பிறகு மற்றதைப் பேசலாம் என்றார் டாக்டர்.

மற்றது என்பது பாலத்து ஓட்டம். அத்தானின் கூட்டம் மொத்தமும் பினாங்குப் பாலத்தில் ஓடுவதற்குப் பெயர் கொடுத்திருந்தது. ஒரே நிறத்தில் டீ-சட்டை அடித்திருந்தார்கள்.

டாக்டர் சொன்ன அடுத்த வாரமே அத்தான் என்னுடையதைப் போன்ற ஒரு கருவியை வாங்கிவிட்டார். அதே கம்பெனி, என்னுடையதைவிடப் பெரிய கடிகாரம். எல்லையைக் கடைக்காரரே நூற்று முப்பதில் வைத்துக் கொடுத்திருந்தார். சமையலறையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அவர் பக்கத்துலயே ஓடு. அந்த வாட்ச்சு கத்துனா நிப்பாட்டிடு. ரெண்டு பிள்ளைங்கள வெச்சிருக்கேன் நான். புரியுதா?"

புரிந்தது. ஒப்புக்கொண்டேன். என் ஒரே அமைதியான வேளை அதோடு போயிற்று.

வாட்ச் கத்தவில்லை. அதுதான் விஷயம். வாரத்தில் மூன்று காலை, அத்தான் என் இடது பக்கத்தில் ஓடினார். என் மெதுவான ஓட்டம் அவருக்கு மெதுவானது அல்ல என்பது ஐந்தாவது நிமிடமே தெரிந்தது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வரும். வாயால் மூச்சு வாங்குவார். காலடி பொத்தென்று விழும்.

"அத்தான், நேத்து ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று கேட்பேன். பேசச் சொல்லிப் பார்ப்பதுதான் கருவி இல்லாத சோதனை.

"ஒண்ணு... மில்ல."

"கொஞ்சம் நடப்பமா?"

பதில் சொல்ல மூச்சு இருக்காது. மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவார். நூற்று இருபத்தெட்டு. "பா... ரு" என்பார், பரீட்சையில் முதலாவதாக வந்த பையனின் முகத்தோடு.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் அதே எண்ணைச் சொல்வார். "எல்லைக்கு உள்ளதான் லா. இன்னும் கொஞ்சம் வேகமா போகலாம். உன் தங்கச்சிதான் விடமாட்டேங்கிறா, மாட்டுவண்டி மாதிரி வர்றா." அக்காவின் முகம் தெளியும். ஒரு நாள் கடவுள் படத்துக்கு முன்னால் அந்தக் கடிகாரத்தை வைத்துக் கும்பிட்டதைப் பார்த்தேன்.

எனக்குத் தெளியவில்லை. தொழிற்சாலையில் ஒரு சர்க்யூட் போர்டு சோதனையில் ஒருமுறைகூடத் தவறாமல் பாஸ் ஆகிக்கொண்டே இருந்தால் அந்தப் போர்டை நாங்கள் பாராட்ட மாட்டோம். அதைச் சோதிக்கும் டெஸ்டரைத் திறந்து பார்ப்போம். ஒரு பக்கம் மூச்சுத் திணறும் மனிதன், மறுபக்கம் அமைதியான எண். இரண்டில் ஒன்று பொய். மனிதன் பொய்யாகத் திணற மாட்டான். இன்னொன்றும் உறுத்தியது. அவர் மணிக்கட்டைக் காட்டும்போதெல்லாம் நான் என்னுடையதைப் பார்ப்பேன். இருவருக்கும் ஒரே எண். அவர் நூற்று இருபத்தெட்டு என்றால் நானும் நூற்று இருபத்தெட்டு; அவர் நூற்று இருபத்தைந்துக்கு இறங்கினால் நானும். முதல் சில நாள் தற்செயல் என்று விட்டுவிட்டேன். தற்செயல் அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

ஒரு ஞாயிறு காலை, காலணி நாடாவைக் கட்டுவதுபோல் நின்றேன். அத்தான் மேலே ஓடினார். பத்தடி போயிருப்பார், மணிக்கட்டைப் பார்த்தார், தட்டினார், திரும்பி வந்தார்.

"எங்க போயிட்ட? நீ பக்கத்துல இல்லாட்டி இது சரியா வேலை செய்யமாட்டேங்குது லா."

இதைச் சொன்னது அவர்தான், தன் வாயால். சொல்லிவிட்டு அதைப் பற்றி மேற்கொண்டு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆபீஸில் முப்பது பேருக்கு மேலதிகாரியான ஒரு மனிதர் இப்படி இருக்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சுற்று முடிந்து ரொட்டி சானாய் கடைக்கு வெளியே இருந்த சிமெண்ட் திண்டில் உட்கார்ந்தேன். அத்தான் கூட்டாளிகளுக்குக் காட்டுவதற்காக என் பக்கத்தில், நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். என் துடிப்பு இறங்கியது. நூற்றுப் பத்து. நூறு. தொண்ணூறு. அவர் மணிக்கட்டைப் பார்த்துக் கூவினார்.

"பாத்தீங்களா? ஓடிக்கிட்டே தொண்ணூறு! ரிக்கவரி லா, ரிக்கவரி!"

"அம்மாடி, குதிரை லா நீங்க" என்றார் சுங்கத்துறைக்காரர். ஆசிரியர் ஒருவர் எழுந்து வந்து எண்ணைப் பார்த்துவிட்டு அத்தானின் கையைக் குலுக்கினார். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கனத்த மனிதனின் இதயம் உட்கார்ந்திருப்பவனுடையதைப்போல் துடிக்கிறது என்பதை, படித்த ஐந்து பேர், தே தாரேக் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தச் சந்தேகமும் இல்லாமல் நம்பினார்கள்.

"அத்தான், பெல்ட்ட காட்டுங்க" என்றேன்.

"சீ. நடுரோட்டுல கொழுந்தியா முன்னாடி சட்டையத் தூக்கச் சொல்றியா?"

"அது உங்க துடிப்பு இல்ல. உங்க வாட்ச்சு என் பெல்ட்டப் பிடிக்குது. அது என்னோட துடிப்பு."

சுங்கத்துறைக்காரர் மேசையில் ஓங்கி அடித்தார்.

"கேட்டீங்களா லா! கொழுந்தியா நெஞ்சு இவர்கிட்ட துடிக்குதாம்! ஏன் அண்ணே, வீட்ல தெரியுமா இது?"

எல்லோரும் சிரித்தார்கள். பேங்க்காரர் மட்டும் சிரிப்பை டம்ளருக்குள் மறைத்தார். அவருக்கு எப்போதும் நாகரிகம் உண்டு. அத்தானின் முகம் வேறு விதமாகச் சிவந்தது. "வாய மூடு. காடில போய் உக்காரு" என்றார் என்னிடம். போய் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் சீட் கொதித்தது. உயிர் சம்பந்தப்பட்ட ஒரு தகவலைக் கேட்டு அதில் அவர்களுக்குக் கிடைத்தது அந்தச் சிரிப்பு மட்டும்தான். இனி அந்த மேசையில் இதைப் பற்றி யார் பேசினாலும் அந்தச் சிரிப்புதான் வரும், அதனால் அத்தான் என்றைக்கும் பேசவிட மாட்டார் என்பதும் புரிந்தது. பாலத்து ஓட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. இந்த எண்ணை நம்பி டாக்டரைப் பார்க்காமலே ஓடிவிடலாம் என்று காடியில் வரும்போது சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் குளிக்கப் போகும்வரை காத்திருந்தேன். பெல்ட்டைக் குளியலறைக்கு வெளியே இருக்கும் கொக்கியில் அக்கா மாட்டியிருந்தாள்.

"அக்கா, அந்த பெல்ட்ட எடு."

"ஏன்? துடைச்சுதான் வெச்சிருக்கேன்."

எடுத்து வந்தாள். பெருமையாகத்தான் நீட்டினாள். "பாரு, இத்தன நாளாச்சு, நேத்து வாங்கின மாதிரி இருக்கு. வேர்வ பட்டா ரப்பர் கெட்டுப்போகும்ல? நான்தான் சுத்தினேன்."

பெல்ட்டின் உட்புறம் முழுவதும் பள்ளிப் புத்தகத்துக்குப் போடும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள். மூலைகள் மடிக்கப்பட்டு, ஓரங்களில் டேப் ஒட்டப்பட்டு, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். தோலில் பட வேண்டிய இரண்டு பட்டைகளும் அதற்கு அடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மைகள்போல், புத்தம் புதிதாக இருந்தன. அவற்றில் ஒரு துளி ஈரமும் பட்டதில்லை. அத்தானின் நெஞ்சை அவை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

"விளக்கப் புத்தகம் எங்க?"

அலமாரியிலிருந்து எடுத்தாள். அதுவும் பைக்குள், பிரிக்காமல்.

"வீட்ல இத போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தோமே. ஒண்ணும் காட்டல. ஓடுறப்ப மட்டும்தான் காட்டும்னு அத்தான் சொன்னாரு. ஓடுறப்ப காட்டுச்சுல்ல?"

சோபாவில் உட்கார்ந்தேன். அது ஒட்டியது. சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பிளாஸ்டிக் வழியாக எதுவும் போகாது, இந்த பெல்ட் வாங்கிய நாளிலிருந்து எதையும் அனுப்பியதில்லை, ஒரே கம்பெனி என்பதால் பக்கத்தில் ஓடும்போது அவர் வாட்ச் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது, ஒரு கை தூரத்துக்குள் இருந்தால் அப்படி நடக்கும் என்று அந்தப் பிரிக்காத புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது: வரிசையாகச் சொன்னேன். அக்கா பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தன நாளா அவர் சொன்ன நம்பரு?"

"என்னோடது."

"அவரோடது?"

"யாருக்கும் தெரியாது."

அவள் அழவில்லை. எழுந்து போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். எவ்வளவு கவனமாக ஒட்டினாளோ அவ்வளவு கவனமாக டேப்பை வெட்டினாள். தாளை உரித்துக் கசக்கி மேசையில் வைத்தாள். அந்த வீட்டில் ஒரு பிளாஸ்டிக் உறை அகற்றப்பட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். பவுடர் வாசனை, நெற்றியில் திருநீறு.

"இத கட்டுங்க" என்றாள் அக்கா.

"இப்பவா? என்னத்துக்கு? ஏய், பிளாஸ்டிக்க ஏன் பிச்ச?"

"கட்டுங்க. நெஞ்சுல பவுடர துடைச்சிட்டு, தண்ணி தொட்டு."

"ஈரத்த நெஞ்சுல கட்டுனா சளி பிடிக்கும் லா."

"சுடுதண்ணி வெச்சிருக்கேன்."

இருவரும் அறைக்குள் போனார்கள். நான் என் பெல்ட்டைக் கழற்றி என் அறையின் கடைசி மூலையில், அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அத்தான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார், கடிகாரத்தை முறைத்தபடி. அந்த வீட்டுக்குள் முதன்முறையாக அது ஒரு எண்ணைக் காட்டியது. தொண்ணூற்றாறு. சும்மா நிற்கும்போது.

"படியில இறங்கி ஏறுங்க" என்றேன். "ஓட வேணாம். நடங்க."

மூவரும் கீழே இறங்கினோம். அஞ்சல் பெட்டிகள் வரை போய்த் திரும்பினோம். அத்தான் முன்னால் ஏறினார், எங்களுக்குக் காட்டுவதற்காகக் கொஞ்சம் வேகமாகவே. முதல் மாடி தாண்டிய திருப்பத்தில் அது கத்தியது. அப்படி ஒரு சத்தத்தை அதிலிருந்து அவர்கள் இருவரும் கேட்டதில்லை. மெல்லிய, விடாத, எரிச்சலூட்டும் சத்தம். அத்தான் அதைக் கையால் பொத்தினார். நிற்கவில்லை, இன்னும் நாலு படி ஏறினார். அக்கா அவர் சட்டையின் பின்புறத்தைப் பிடித்து இழுத்தாள். நூற்று ஐம்பத்திரண்டு.

"பாத்தியா? பிளாஸ்டிக்க எடுத்தீங்க, கெட்டுப்போச்சு" என்றார்.

இதை அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. முழு நம்பிக்கையோடு சொன்னார், மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு. இத்தனை காலம் கழித்தும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு மரியாதை போன்ற ஏதோ ஒன்று வருகிறது. ஒரு முட்டாள்தனம் அவ்வளவு முழுமையாக இருப்பதை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

"கெட்டுப்போகல" என்றாள் அக்கா. "உக்காருங்க."

"நாளைக்கே கடையில குடுத்து..."

"உக்காருங்கன்னு சொன்னேன்ல."

படியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அரிசிப் பையோடு உட்கார்ந்த இடத்துக்கு ஒரு மாடி கீழே. அக்கா அவர் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். அவருடைய கைக்குப் பொருத்திய பட்டை அவளுக்குப் பெரிது. கடைசித் துளையில் மாட்டியும் வளையல்போல் தொங்கியது. எண் இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு அவருக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். நான் மேலே போய்விட்டேன்.

பாலத்து ஓட்டத்துக்கு அத்தான் போகவில்லை. டீ-சட்டையை அக்கா பையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டாள். கூட்டாளிகளுக்கு முட்டி வலி என்று சொல்லியனுப்பினார். அவர்கள் உடனே நம்பினார்கள். முட்டி வலி என்றால் விளையாட்டு வீரன், நெஞ்சு வலி என்றால் கிழவன். அவர்கள் அகராதி அப்படி.

நான் ஓடினேன். மெதுவாக. தொடக்கத்தில் என்னை எல்லோரும் முந்தினார்கள், அந்த ஒரே நிற டீ-சட்டைகள் உட்பட. பாலம் நடுவில் மேடாக எழும் இடத்தில் பேங்க்காரர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பில் கைவைக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"அத்தானுக்கு... முட்டி... எப்படி?" என்றார்.

"முட்டிக்கு எப்பவுமே ஒண்ணும் இல்ல, அங்கிள். நீங்க நடந்தே வாங்க, அவசரமில்ல" என்றேன். முழு வாக்கியம்தான். மூச்சு வாங்காமல்தான் சொன்னேன். அந்த வயதில் எனக்குக் கிடைத்த சந்தோஷங்களில் அது ஒன்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு தண்ணீர்மலைக்கு அக்காவும் வரத் தொடங்கினாள். பஞ்சாபி சூட்டும், பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைக் காலணியும். பெல்ட் அத்தானின் நெஞ்சில், ஈரமாக. கடிகாரம் அக்காவின் கையில். ஓட்டம் இல்லை, நடை. அத்தான் கோயிலுக்கோ காய்கறிப் பாசாருக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது எப்போதும் நாலடி முன்னால் போகிறவர்; அக்கா பின்னால் பையோடு போவாள். இங்கே அது நடக்காது. நாலடி முன்னால் போனால் எண் மறைந்துவிடும்.

"எங்க போறீங்க? நம்பர் போயிடுச்சு" என்று அக்கா பின்னாலிருந்து கூப்பிடுவாள். குரங்குகள் திரும்பிப் பார்க்கும். அவர் நிற்பார். அவள் வந்து சேர்வாள்.

"இவ ஒருத்தி, போலீஸ்காரி மாதிரி" என்பார் எதிரே வருகிறவர்களிடம்.

"ஆமா, போலீஸ்தான். பேசாம நடங்க" என்பாள்.

கூட்டாளிகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சில வாரத்தில் அதுவும் சலித்துப்போய், ரொட்டி சானாய் கடையில் அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்கள். அவர் இன்றுவரை பெல்ட் கெட்டுப்போனதாகத்தான் சொல்கிறார். புதிதாக வந்த டிவி ரிமோட்டுக்கு அக்கா உறை போட்டுவிட்டாள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு காலை நான் சுற்றி வரும்போது அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் சிறிய மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தோளோடு தோளாக. அக்காவின் கையிலிருந்து அந்த மெல்லிய சத்தம் கேட்டது. அவள் நின்றாள். அவர் முணுமுணுத்தார், ஆனால் நின்றார். நான் அவர்களை ஒட்டிப் போகாமல், பாதையை விட்டு ஈரப் புல்லில் இறங்கி, முடிந்தவரை தள்ளிச் சுற்றிக்கொண்டு ஓடினேன், என் எண் அவள் கைக்குப் போய்விடாதபடி.